ஐந்து கிலோ மட்டும் குறைக்க நினைப்பவர் எடை மெஷினை எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 36, உயரம் 158 செ.மீ., எடை 63 கிலோ. 58-க்கு வர வேண்டும் என்பது உங்கள் எண்ணம். மாலைப் பலகாரத்தை நிறுத்திவிட்டீர்கள், இரவு டிபனைக் குறைத்திருக்கிறீர்கள், காலையில் அரை மணி நேரம் நடக்கிறீர்கள். ஆனால் எடை ஒரு நாள் இறங்கினால் மறுநாளே ஏறிவிடுகிறது. "இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் ஏறுகிறது என்றால் இந்தப் பாடு எதற்கு?" என்று கேட்டு, இரண்டு வார எடையையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். தினமும் குறித்து வைத்தது மிகவும் நல்லதாகப் போயிற்று. அந்தப் பதினான்கு எண்களில்தான் பதில் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. உடம்பில் இருக்கும் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். நீங்கள் செய்திருக்கும் மாற்றங்களால் ஒரு நாளைக்கு 300 கலோரி மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகாரம், எண்ணெய், நடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அது நியாயமான அளவுதான். அப்படியானால் ஒரு நாளில் கரையும் கொழுப்பு 39 கிராம். ஒரு வாரத்துக்கு 270 கிராம் சொச்சம். வீட்டு எடை மெஷின் பெரும்பாலும் 100 கிராம், மிஞ்சினால் 50 கிராம் இடைவெளியில்தான் காட்டும். உங்கள் ஒரு நாள் உழைப்பு அந்த மெஷினின் கண்ணிலேயே படாது.

அதே நேரம் உடம்பில் இருக்கும் நீரும், குடலில் இருக்கும் உணவும் ஒரே நாளில் ஒரு கிலோ, சில சமயம் இரண்டு கிலோ வரை கூடிக் குறையும். 39 கிராமைத் தேடும் இடத்தில் 1,000 கிராம் ஆடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற பஸ்ஸில் தராசு வைத்துத் தங்கம் நிறுப்பது மாதிரி. இருபது கிலோ குறைக்க வேண்டியவருக்கு ஆரம்பத்தில் வாரத்துக்கு முக்கால் கிலோ போகலாம், அவருக்கு இந்த ஆட்டத்தையும் மீறி இறக்கம் கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் மட்டும் குறைக்க வேண்டியவருக்குத்தான் தினசரி எண் இவ்வளவு குழப்பம் தருகிறது. நீங்கள் சோர்ந்துபோவதற்குக் காரணம் மன உறுதி போதாமல் இல்லை. மெஷினால் ஒரு நாளில் சொல்ல முடியாத ஒன்றை அதனிடம் தினமும் கேட்கிறீர்கள்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். முக்கியமானது மாவுச்சத்து. சோறு, இட்லி, பரோட்டா என்று எதைச் சாப்பிட்டாலும் அதில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கிறது. கல்லீரலில் 100 கிராம், தசைகளில் 400 கிராம் போல இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு நாள் சோற்றைக் குறைத்தால் இந்தச் சேமிப்பு கரைந்து, பிடித்து வைத்த நீரும் வெளியே போகும். எடை சரசரவென்று இறங்கும். ஒரு நாள் வழக்கம்போல் சாப்பிட்டால் மறுபடி நிறையும், எடையும் திரும்பி வரும். இந்த ஏற்றத்திலும் இறக்கத்திலும் கொழுப்புக்குப் பங்கே இல்லை.

அப்புறம் உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். நம் இரத்தத்தின் உப்புத்தன்மைக்குக் கிட்டத்தட்டப் பொருந்திப்போகும் அளவு அது. அப்படிப் பார்த்தால், கூடுதலாக 4, 5 கிராம் உப்பு உள்ளே போனாலே அதைச் சமன்செய்ய அரை லிட்டர் நீர் தங்கிவிடலாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, ஹோட்டல் சாம்பார், பிரியாணி எல்லாமே இதைச் செய்யும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வதே 5 கிராமுக்குக் கீழேதான். சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்களுக்கு ஓரிரு நாளில் இந்த நீர் தானாக வெளியேறிவிடும்.

ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு விருந்து, மறுநாள் காலை பொங்கல் வடை, மதியம் பாயசத்தோடு இலைச் சாப்பாடு. வீட்டுக்கு வந்து அடுத்த நாள் காலை மெஷினில் ஏறினால் ஒன்றரை கிலோ கூடியிருக்கும். அவ்வளவும் கொழுப்பாக இருக்க வேண்டுமானால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 11,500 கலோரியை அந்த ஒன்றரை நாளில் சாப்பிட்டிருக்க வேண்டும். யாராலும் ஆகாத காரியம். உண்மையில் கூடிய கொழுப்பு நூறு, இருநூறு கிராம் இருக்கலாம். மீதி எல்லாம் நீர், உப்பு, குடலில் இன்னும் நகராத சாப்பாடு.

பெண்களுக்கு இன்னொரு பெரிய காரணம் மாதவிலக்கு. வருவதற்குச் சில நாள் முன்பிருந்தே பலருக்கு உடம்பில் நீர் கோக்கும். மார்பு கனக்கும், வயிறு உப்பினாற்போல் இருக்கும், மோதிரம் இறுகும். விலக்கு தொடங்கும் நாளையொட்டி அது உச்சத்தில் இருந்து, பிறகு சில நாளில் வடிந்துவிடும். சிலருக்கு அரை கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ வரைகூட வித்தியாசம் தெரியும். மூன்று வாரம் அக்கறையாக இருந்துவிட்டு நான்காவது வாரத்தில் எடை ஏறியதைப் பார்த்து "எல்லாம் வீண்" என்று விட்டுவிட்ட பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னும் ஐந்து நாள் பொறுத்திருந்தால் ஒரு கிலோ குறைந்திருப்பதை அவர்களே பார்த்திருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான். ஆகவே இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, விலக்கு முடிந்த மறுவாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். உங்களுக்கு இதுதான் மிகவும் நம்பகமான ஒப்பீடு.

புதிதாக உடற்பயிற்சி தொடங்கினாலும் எடை கூடலாம். நடையோடு சேர்த்து உட்கார்ந்து எழும் பயிற்சியும் ஆரம்பித்ததாக எழுதியிருந்தீர்கள். பழக்கமில்லாத வேலையால் தொடைத் தசைகளில் நுண்ணிய சிதைவு ஏற்பட்டு, அது ஆறும்வரை அங்கே நீர் தேங்கும். படியிறங்கும்போது தொடை வலிக்கிற நாட்களில் மெஷின் சொல்வதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். மலச்சிக்கல், முந்தைய இரவு நேரம் கழித்துச் சாப்பிட்டது, தூக்கம் கெட்டது இவையும் இதில் சேரும்.

இதுவரை ஏற்றத்தைப் பற்றிச் சொன்னேன். இறக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மனது உடைவதற்கான விதை அங்கேதான் விழுகிறது. ஏகாதசிக்கு முழு விரதம் இருந்துவிட்டு மறுநாள் காலை பார்த்தால் ஒரு கிலோ குறைந்திருக்கும். டயட் தொடங்கிய முதல் வாரத்தில் ஒன்றரை கிலோ போயிருக்கும். பார்த்ததும் துள்ளிக் குதிக்கிறோம், வீட்டில் எல்லோரிடமும் சொல்கிறோம், "இந்த வேகத்தில் போனால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும்" என்று கணக்குப் போடுகிறோம். அந்த இறக்கத்தில் பெரும்பகுதி நீர். அது திரும்பி வரும்போது, கையில் இருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிறது. பொய்யான இறக்கத்தைக் கொண்டாடுகிறவர் பொய்யான ஏற்றத்தில் நொறுங்காமல் இருக்க முடியாது. குறைந்த நாளிலும் "சரி, குறித்துக்கொள்வோம்" என்று மட்டும் நினைக்கப் பழகினால், கூடிய நாளிலும் அதே மாதிரி இருக்க வரும்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். ஞாயிறில் தொடங்கி முதல் வாரம்: 63.4, 62.8, 62.6, 63.5, 63.1, 62.5, 62.9. இரண்டாவது வாரம்: 62.7, 63.3, 62.4, 62.2, 62.9, 63.2, 62.3. வாரம் ஒருமுறை வெள்ளிக்கிழமை மட்டும் எடை பார்ப்பவராக நீங்கள் இருந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? முதல் வெள்ளி 62.5, அடுத்த வெள்ளி 63.2. "ஏழு நாள் பட்டினி கிடந்து 700 கிராம் ஏறியிருக்கிறேன்" என்று அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டிருப்பீர்கள். ஆனால் ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுத்துப் பாருங்கள். முதல் வாரச் சராசரி 62.97. இரண்டாவது வாரச் சராசரி 62.71. குறைந்தது 260 கிராம். தினம் 300 கலோரி மிச்சமானால் வாரத்துக்கு 270 கிராம் போகும் என்று மேலே கணக்குப் போட்டோம் அல்லவா, ஏறக்குறைய அதேதான் நடந்திருக்கிறது. நீங்கள் தோற்றுக்கொண்டிருப்பதாக நினைத்த இரண்டு வாரமும் உடம்பு சரியான கணக்கில் போயிருக்கிறது. ஒரே ஒரு வாரத்து வித்தியாசத்தை வைத்து முடிவு கட்டிவிட முடியாது, அது உண்மைதான். நான்கு வாரச் சராசரிகள் வரிசையாக இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

ஆகவே வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் குழப்பம் குறையும் என்று பலரும் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒரே ஒரு நாளின் எண்ணை நம்புவதுதான் ஆபத்து. தினமும் பார்த்து, எழுதி, வாரக் கடைசியில் சராசரியை மட்டும் வைத்துப் பேசுங்கள். காலையில் எழுந்து கழிவறைக்குப் போய்விட்டு வந்து, காபி குடிப்பதற்கு முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில். மெஷின் கெட்டியான டைல்ஸ் தரையில், எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். பாய் மேலோ கார்ப்பெட் மேலோ வைத்தால் எண் மாறும். மாலையில் மறுபடி ஏறிப் பார்ப்பது, நடந்துவிட்டு வந்து பார்ப்பது, பக்கத்து மருந்துக் கடை மெஷினில் சரிபார்ப்பது எதுவும் வேண்டாம்.

காலை நேரத்துக்கு ஒரு காரணம் உண்டு. படுக்கும்போது இருந்ததைவிட எழும்போது எடை குறைந்திருக்கும், கழிவறைக்குப் போகாமலே. இத்தாலியின் பாதுவா நகரில் சாந்தோரியோ என்ற மருத்துவர் பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, தன் எடையை ஏறக்குறைய முப்பது வருடம் குறித்துப் பார்த்தார். உள்ளே போனதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமலே உடம்பை விட்டுப் போகிறது என்று 1614-இல் எழுதினார். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகும் நீர் அது. நீங்கள் கரைக்க நினைக்கும் கொழுப்பும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறது. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறும், 1.6 கிலோ நீராகும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 2014-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். வியர்வை கொட்டினால்தான் கொழுப்பு கரையும் என்பதில்லை. சுடிதாருக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, கணக்கு புரிந்துவிட்டது, மனது கேட்க வேண்டுமே. காலை ஆறு மணிக்கு 63.5 என்று பார்க்கும்போது சராசரி ஞாபகத்துக்கு வராது. உற்சாகத்தை எடையிலிருந்து கொஞ்சம் பிரித்து வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் இதற்கு நான் சொல்லும் வழி. எடை உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. இன்று நடந்தேனா, இரவு எட்டரைக்குள் சாப்பிட்டேனா, மாலை டீயோடு பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டலோ பழமோ எடுத்தேனா, இவை உங்கள் கையில் இருக்கின்றன. சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் நடந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். மாதக் கடைசியில் இருபத்திரண்டு வட்டம் இருந்தால் அந்த மாதம் நல்ல மாதம், மெஷின் என்ன சொன்னாலும் சரி.

வெறும் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்துக்குள் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39.3 சதவீதம். இத்தனைக்கும் அந்த இரண்டாவது குழுவினருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எடை குறையவில்லை. மெஷின் அசையாமல் நின்ற அந்த மாதங்களிலும் அவர்கள் உடம்பு பலனை வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. குடும்பத்தில் சர்க்கரை இருக்கிற நம்மில் பலருக்கு இதைவிடப் பெரிய ஊக்கம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எடையைத் தவிர இடுப்பையும் அளக்கச் சொல்கிறேன். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் அளவு, கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும்) ஒன்றேதான், 22.3. ஆனால் யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2 சதவீதம். உயரத்துக்கு ஏற்ற எடை இருந்தாலும் கொழுப்பு, அதிலும் வயிற்றுக் கொழுப்பு, கூடுதலாக இருப்பது நம்மவர் உடல்வாகு. இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-லிருந்தே கூடுதல் எடை, 25-லிருந்து உடல் பருமன் என்று வரம்பைக் குறைத்து வைத்திருப்பதும் அதனால்தான். உங்களுடையது இப்போது 25.2, 58 கிலோவுக்கு வந்தால் 23.2. இடுப்புக்குப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் இஞ்ச் டேப்பை வைத்து, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை அளந்தால் போதும். வயிற்றை எக்கிக்கொண்டு அளக்கக் கூடாது. பழைய பிளவுஸ் ஒன்றையும் எடுத்து வையுங்கள். தைத்த பிளவுஸ் பொய் சொல்லாது. லெகிங்ஸ் எந்த உடம்புக்கும் இழுத்துக்கொடுக்கும், அதை நம்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இருபது கிலோ குறைத்தவரை ஊரே பாராட்டும். மூன்று கிலோ குறைத்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. தெரிந்தாலும் நம் ஊரில் "என்னம்மா, முகமெல்லாம் வாடிப்போச்சு, உடம்பு சரியில்லையா?" என்றுதான் அத்தையும் சித்தியும் கேட்பார்கள். அக்கறையில் கேட்பதுதான், ஆனால் கேட்கும்போது சுருக்கென்று இருக்கும். வெளியிலிருந்து பாராட்டு வராது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கூடவே நடக்க ஒருவர் கிடைத்தால் அதை விடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா கீழே வந்து நிற்கிறார் என்றால், எடை ஏறிய நாளிலும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம்.

எடை கூடிய காலையில் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பழிவாங்குவது. பதினோரு மணிக்குப் பசி, இரண்டு மணிக்குக் கூடுதல் சோறு, இரவு ஒன்பதுக்குக் கையில் அகப்பட்டதெல்லாம் என்று அந்த நாள் முடியும். நீரை விரட்டப் பட்டினி தேவையில்லை, அது தானே போகும். வழக்கமாக மூன்று இட்லி என்றால் அன்றும் மூன்று இட்லி.

ஒருவேளை நான்கைந்து வாரச் சராசரி அசையவே இல்லை, இடுப்பும் அப்படியே இருக்கிறது என்றால், நீர்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. 300 கலோரி மிக எளிதாக அழிந்துவிடும் அளவு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி, தாளிக்கும்போது கை தாராளமாகியிருக்கலாம். மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 100-ஐத் தாண்டும். பிள்ளைகள் தட்டில் மீந்ததை வீணாக்க மனசில்லாமல் சாப்பிடுவது, சனி ஞாயிறில் ஹோட்டல் சாப்பாடு இவற்றையும் பாருங்கள். ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதினால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். அதை மட்டும் அடைத்தால் போதும், சோற்றையே நிறுத்திவிடத் தேவையில்லை. அரை மணி நடையை முக்கால் மணியாக்கலாம். மாதம் ஒரு கிலோ என்ற வேகத்தில் உங்களுக்கு ஐந்து மாதம் ஆகும். கார்த்திகையில் தொடங்கியவருக்குச் சித்திரையில் முடியும், நடுவில் பொங்கல் வரும், இரண்டு கல்யாணம் வரும். அந்த நாட்களையும் சேர்த்துத்தான் இந்த ஐந்து மாதம்.

தினமும் மெஷினில் ஏறுவது எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். குறைத்த எடையைக் காப்பாற்றுபவர்களைப் பற்றி அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்கள்தான் அதில் சேர முடியும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். ஆனாலும் அந்த எண் உங்கள் முழு நாளையும் கெடுக்கிறது, சாப்பிட்டதற்குக் குற்ற உணர்வு வருகிறது, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றுகிறது என்றால் மெஷினைப் பரணில் ஏற்றிவிட்டு, இஞ்ச் டேப்பும் காலண்டரும் போதும் என்று இருங்கள். குற்ற உணர்வும் வாந்தியும் தொடர்ந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

நீர் என்று நான் சொன்ன எதுவும் சில அறிகுறிகளுக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று நாளில் எடை கிடுகிடுவென்று ஏறி, கூடவே கணுக்காலில் அழுத்தினால் குழி விழுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, முகம் வீங்குகிறது, சிறுநீர் குறைகிறது என்றால் அது இதயமோ சிறுநீரகமோ சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சரியாகச் சாப்பிட்டும் எடை தொடர்ந்து ஏறி, அசதி, முடி உதிர்வு, மலச்சிக்கல், விலக்கு தவறுதல் இருந்தால் தைராய்டுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உணவைக் குறைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கும்.